வந்தா வா, வராட்டிப் போ

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அடையாள அட்டையிலும் அம்மாவின் கோபத்திலும் மட்டுமே புழங்கியது. மற்ற எல்லோருக்கும் அவள் பல்லவி. ஏதோ சங்கீதக் குடும்பத்துப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம்; அது கேலிப் பெயர். எந்தப் பாட்டை எடுத்தாலும் பல்லவியைக் கணீரென்று பாடிவிடுவாள். சரணம் வந்தால் வார்த்தைகள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விடும். "லா லா லா" என்று சமாளித்து, மேடையில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பல்லவிக்கே வந்து நிற்பாள். கூட்டமும் அதை ஒரு தவறாக நினைத்ததில்லை. சில பேர் அந்தச் சுற்றலைப் பார்ப்பதற்கென்றே முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள்.

பாட்டு அவளுக்கு வார இறுதி வேலை. வார நாட்களில் முடி வெட்டுவாள். ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் அவளுடைய சலூன். சுழல் நாற்காலி இரண்டு. அதில் ஒன்று சுழலாது. ஆண், பெண், அடம்பிடிக்கும் குழந்தை, யார் வந்தாலும் வெட்டிவிடுவாள். கத்திரி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். தலையில் தண்ணீர் அடித்துச் சீவும்போது ஒரு பல்லவி, கழுத்தில் பவுடர் போடும்போது ஒரு பல்லவி. அவளுடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். கைதட்டினால்கூடத் தாளம் தப்பும். "வீட்டுல ஒருத்தராவது கேக்கறதுக்கு வேணும்ல" என்பார்.

வார இறுதி இசைக்குழுவில் நான்கு பேர். பாடுவது பல்லவி. கீபோர்டு, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் வாத்தியார். டிரம்ஸ், டயர் கடைக்காரர். அடிக்கிற கை, டயரானாலும் டிரம்மானாலும் ஒரே அடிதான். கிட்டார் வாசித்தவர் பகலில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர். அவர் பெயர் அரைமணி. எங்கே போனாலும் அரைமணி நேரம் தாமதம். கல்யாண வரவேற்புகளில் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்த பிறகு, கிட்டார் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் ஓடிவருவார். ஊரே திரும்பி, கல்யாண ஜோடிக்குத் தட்டாத கையை அவருக்குத் தட்டும்.

அரைமணியின் மனைவி நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். ஒருமுறை காதில் விழுந்த வாக்கியம் கமா முதற்கொண்டு நினைவில் நிற்கும் அவருக்கு. கணவர் சொன்ன சாக்குப்போக்கு ஒவ்வொன்றும் தேதிவாரியாக மனத்தில் இருந்தது. அவற்றை அவர் திருப்பிச் சொல்லித் திட்டுவார். அரைமணி அந்தத் திட்டையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு பாட்டாகக் கட்டிவிட்டார். திட்டியவரே கேட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அதுதான் குழுவின் பெயரை ஊர்முழுக்கக் கொண்டுபோன பாட்டு:

வந்தா வா, வராட்டிப் போ,
வாசல் விளக்கு எரிஞ்சிருக்கும்!
என்ன சொன்னா நம்புவேன்னு
யோசிச்சுக்கிட்டே நடந்து வா!

சரணங்களும் உண்டு. 'நேத்து சொன்னே டயர் பஞ்சர், நீ போனது நடந்துதானே! முந்தாநாளு மழைன்னு சொன்னே, சட்டை நனையக் காணோமே!' இப்படியே போகும். பல்லவிக்கு வழக்கம்போலச் சரணம் மறக்கும். கூட்டமே எடுத்துப் பாடிவிடும். அரைமணியையும் அவர் மனைவியையும் அண்ணன், அண்ணி என்றுதான் அவள் கூப்பிடுவாள். நிகழ்ச்சி முடிந்ததும் அண்ணி மேடைக்குப் பின்னால் வந்து, "ஏன்டி, நான் திட்டினதுல பாதியை முழுங்கிட்டியே" என்று குறைப்பட்டுக்கொள்வார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் அந்த விபத்து நடந்தது.

மழைக்காலம். தலைநகரத்திலிருந்து வார இறுதியில் திரும்பும் ரயில். ஆற்றில் வெள்ளம் பாலத்தின் தூணை அரித்திருந்தது. இஞ்சினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போய்விட்டன. நாட்டில் துக்கம் தொடாத ஊரே இல்லை என்கிற அளவுக்கு அந்த ரயிலில் எல்லா ஊர் ஆட்களும் இருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் மட்டும் ஒரு பெட்டி நிறைய. அவர்களில் ஒருவர் அரைமணி. கிட்டாருக்குப் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போனவர். வாழ்நாளில் எத்தனையோ ரயிலைத் தவறவிட்டவர், அந்த ரயிலை ஓடிப்போய்ப் பிடித்திருந்தார்.

நாடே வாயடைத்துப் போனது. வானொலியில் காலையிலிருந்து இரவு வரை வயலின் மட்டும். கல்யாணங்கள் பாட்டில்லாமல் நடந்தன. சலூனுக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார்களே தவிர, பேசவில்லை. கத்திரியின் சத்தம் இவ்வளவு பெரிது என்று பல்லவிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருநாள் ஒரு குழந்தையின் தலையைச் சீவும்போது பழக்கதோஷத்தில் 'வந்தா வா' என்று வாய்வரை வந்துவிட்டது. சீப்பைக் கீழே போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் நின்றாள்.

அடக்கமெல்லாம் முடிந்து மாதம் ஒன்று போன பிறகு தேசியத் தொலைக்காட்சியிலிருந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒரு மாலைநேரம் முழுவதும் நேரலை. ஆட்களை இழந்த ஒவ்வோர் ஊரும் தன் மேடையிலிருந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்த ஊர். இந்த ஊரில் மேடை, ரயில் நிலையத்துக்கு எதிரில் இருந்த திடலில். விழாக்குழுத் தலைவராக மரச்சாமான் கடை முதலாளியைப் போட்டார்கள். அவருடைய தம்பியும் அந்த ரயிலில் போனவன்தான். தம்பியைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதிலாக வேலையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டார். மேடைத் துணியின் வெள்ளை சரியான வெள்ளையா என்பதுவரை அவரே பார்த்தார். பாட்டையும் அவரே எழுதினார். சோபாவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் கவிதையும் எழுதுகிற மனிதர் அவர்.

பள்ளிக்கூடப் பாட்டு டீச்சர் பாடுவதாகத்தான் இருந்தது. அவருக்கு ஒத்திகையில் அழுகை வந்துவிட்டது. அவருடைய அக்கா மகள் அந்த ரயிலில் இருந்தாள். வேறு குழு ஊரில் இல்லை. தலைவர் பல்லவியிடம் வந்து தாளை நீட்டினார். 'கண்ணீர்க் கடலின் கரைகாணாக் கலங்களே, விண்ணேறிச் சென்ற வெண்புறாக் குலங்களே' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் ஓடியது அது. பல்லவி படித்துப் பார்த்தாள். தெரிந்த வார்த்தை ஒன்றுகூட அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. தாளைப் பார்த்துப் பாடலாமா என்று கேட்டாள். தொலைக்காட்சியில் அது நன்றாக இருக்காது, மனப்பாடம்தான் மரியாதை என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பேருந்துக்காரக் கணவர் சாப்பிடும்போது ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டார். "விண்ணேறிச் சென்ற?" என்பார். "வெண்டைக்காய்" என்று வாயில் வரும். வாத்தியார், வார்த்தைக்கு ஒரு எண் கொடுத்து நினைவில் வைக்கச் சொன்னார், எண்களும் மறந்தன.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் காலையில் சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தார். விபத்துக்குப் பிறகு அவர் வெளியே வந்ததே நீதிமன்றத்துக்கு மட்டும்தான். அண்ணி சுழலும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, துணியை எடுத்துத் தன் கழுத்தில் தானே சுற்றிக்கொண்டார்.

"ட்ரிம் பண்ணிவிடு. முன்னாடி நரைச்சதுக்குக் கொஞ்சம் டை போடு. எங்களையெல்லாம் முதல் வரிசையில உக்காத்தி வெக்கறாங்களாம். கேமரா மூஞ்சிக்கு நேரா வருமாம்."

பல்லவி தண்ணீர் தெளித்தாள். அண்ணி கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"என்ன, இதெல்லாம் இப்ப தேவையான்னு நினைக்கறியா?"

"இல்லை அண்ணி. நான் எதுக்கு அப்படி நினைக்கப்போறேன்?"

"மத்தவங்க நினைப்பாங்க. நினைச்சுட்டுப் போகட்டும். அந்த மனுஷன் என்னைக்குமே என்கிட்ட, நீ அழகா இருக்கேன்னு சொல்லத் தவறினதில்லை. லேட்டாத்தான் சொல்லுவாரு, ஆனா சொல்லிடுவாரு."

பல்லவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இரண்டையும் அடக்கிக்கொண்டு முடியைப் பிரித்து கிளிப் மாட்டி வெட்ட ஆரம்பித்தாள். அண்ணி கொஞ்ச நேரம் மடியில் விழும் முடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"இருபது வருஷமா நேரத்துக்குப் போ, நேரத்துக்குப் போன்னு திட்டினேன் பல்லவி. அன்னைக்குத்தான் கேட்டாரு."

சலூனில் வேறு யாரும் இல்லை. பல்லவி கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் நின்றபடியே அண்ணியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். ஈரத் தலை அவள் வயிற்றில் சாய்ந்தது. அப்படியே இருவரும் அழுதார்கள். அழுது முடித்ததும் அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு, நாளைக்கு என்ன பாட்டு என்று கேட்டார். பல்லவி சொன்னாள். இரண்டு வரி பாடியும் காட்டினாள்.

"இதுல அவர் எங்க இருக்காரு?" என்றார் அண்ணி. "வெண்புறாவாம். மீட்டர் பாக்கப் போற இடத்துலல்லாம் டீ குடிச்சு டீ குடிச்சுத் தொப்பை போட்ட மனுஷன். அவரோட பாட்டு ஒண்ணு இருக்கே, அதைப் பாடேன்."

பல்லவி பதறிப்போனாள். அது சிரிப்புப் பாட்டு. நாடே பார்த்துக்கொண்டிருக்கும். வராட்டிப் போ என்று பாடினால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் மனசு என்ன பாடுபடும்? தலைவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. இதையெல்லாம் அவள் எடுத்துச் சொன்னாள். அண்ணி வற்புறுத்தவில்லை. டை காய்கிற வரை ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டினார். போகும்போது கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, நன்றாக வெட்டியிருக்கிறாய் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாலை திடல் நிரம்பி வழிந்தது. மருந்துக்கடைக்காரர், சாவிக்காரர், பேருந்துக்காரருடைய டிப்போ ஆட்கள், யாரும் வீட்டில் இல்லை. முன்வரிசையில் குடும்பத்தார், மடியில் ஆளுக்கொரு படம். அண்ணி புதுசாக வெட்டிய முடியோடு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலைவர் மேடை ஓரத்தில் விறைப்பாக நின்றார். காதில் கருவி மாட்டிய அறிவிப்பாளர், முந்தைய ஊர் பாடி முடிப்பதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். கை இறங்கியது. வாத்தியார் ஆரம்பித்தார்.

'கண்ணீர்க் கடலின்' என்று பல்லவி எடுத்தாள். குரல் நடுங்காமல் வந்தது. இரண்டாவது வரி வந்தது. பல்லவியை ஒருமுறை, இன்னொரு முறை பாடினாள். திடல் தலைகுனிந்து கேட்டது. இனிச் சரணம். வாயைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட பலகைபோலக் கிடந்தது மண்டை. மறுபடி பல்லவிக்கே போனாள். வாத்தியார் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து சரணத்தின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். அது 'ஈண்டு'. "ஈண்டு" என்று பாடினாள். ஈண்டு என்ன, எதற்கு ஈண்டு, ஒன்றும் தெரியவில்லை. "ஈண்டு... ஈண்டு..." என்று இரண்டு முறை இழுத்தாள். கால்கள் அவளைக் கேட்காமலே மேடையில் வழக்கமான அந்தச் சுற்றைச் சுற்றின. டயர் கடைக்காரர், பாட்டு முடிந்தது போலிருக்கிறது என்று நினைத்து, முடிக்கிற அடியை அடித்துவிட்டார்.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை என்றுதான் பல்லவிக்குத் தோன்றியது. அந்த அமைதியில் முன்வரிசையிலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அண்ணிதான். கையால் வாயைப் பொத்திக்கொண்டும் முடியவில்லை. தோள் குலுங்கியது. "அதானே பாத்தேன்" என்றார், மைக்கில் கேட்கிற அளவுக்கு. "அவர் இருந்திருந்தா என்ன சிரிப்புச் சிரிச்சிருப்பாரு."

பக்கத்தில், மடியில் மகனின் படத்தோடு இருந்த பெரியவருக்கும் உதடு துடித்தது. அவருக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பல்லவி அண்ணியைப் பார்த்தாள். அவளுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், வாத்தியாரைக்கூடப் பார்க்காமல், துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் எடுத்தாள்:

வந்தா வா, வராட்டிப் போ,
வாசல் விளக்கு எரிஞ்சிருக்கும்...

எத்தனையோ வரவேற்புகளில் பாடிய வரிதான். ஆனால் அன்றைக்கு அது வேறு எங்கிருந்தோ வந்தது. சிரிப்புக்காகக் கட்டிய வார்த்தைகளுக்குள் இவ்வளவு பெரிய காத்திருப்பு இருந்தது அவளுக்கே தெரியாது. 'யோசிச்சுக்கிட்டே நடந்து வா' என்பதை அவளால் முடிக்க முடியவில்லை. முன்வரிசை முடித்தது. அடுத்த முறை திடல் மொத்தமும் பாடியது. வாத்தியார் பதற்றத்தில் கீபோர்டில் கிட்டார் சத்தத்துக்கான பொத்தானைத் தேடி, சைக்கிள் மணியை அழுத்திவிட்டார், யாரும் கண்டுகொள்ளவில்லை. டயர் கடைக்காரர் வேகத்தைக் கூட்டினார். சரணம் வந்ததும் பல்லவி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். "நேத்து சொன்னே டயர் பஞ்சர்" என்று ஆயிரம் வாய் பாடின. பெரியவர், மகனின் படச் சட்டத்தின் ஓரத்தில் விரலால் தாளம் போட்டார். பேருந்துக்காரர் வழக்கம்போலத் தப்பாகத் தட்டினார். அண்ணி மட்டும் எழுந்து நின்று, ஒரு வார்த்தை விடாமல், பல்லவி எத்தனையோ வருஷமாக முழுங்கிய வரிகளையெல்லாம் சேர்த்துப் பாடினார்.

கொடுத்த நேரம் முடிந்துவிட்டது என்று அறிவிப்பாளர் கையை ஆட்டினார். பிறகு காதுக்கருவியில் என்ன கேட்டாரோ, கையை இறக்கிவிட்டு அவரும் பாட ஆரம்பித்தார். அடுத்த ஊர் காத்திருந்தது.

முடிந்து பல்லவி கீழே இறங்கினாள். தலைவர் அவளைத் தாண்டிப் போனார், முகத்தைப் பார்க்கவில்லை. சரி, நம் கதை முடிந்தது என்று அவள் எண்ணிக்கொண்டாள். மறுநாள் சலூனின் ஷட்டரைப் பாதிதான் தூக்கினாள், ஓட வேண்டி வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, துக்கத்துக்கு என்று ஒரு மரியாதை இல்லையா என்று கேட்டார்கள். தொலைபேசியில் ஒருவர் அவளைக் காது கூசத் திட்டினார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்றாள்.

அடுத்து வந்த அழைப்பையும் அப்படித்தான் எதிர்பார்த்து எடுத்தாள். பேசியவள் கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகளை ரயிலில் பறிகொடுத்தவள். திட்டவில்லை. தயங்கித் தயங்கி, "என் பொண்ணும் இப்படித்தாங்க, சாக்குச் சொல்லுவா. நானே ரெண்டு வரி கட்டியிருக்கேன். பாடிக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். காட்டினாள்:

ஃபோன்ல சார்ஜே இல்லேன்னு சொன்னே,
ஃபோட்டோ மட்டும் போட்டியே!

இரண்டு பேரும் தொலைபேசியின் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு அழைப்புகள் ஓயவில்லை. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் சரணங்கள் வந்தன. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன அப்பா, குளியலறையை விட்டு வெளியே வராத அண்ணன், வழியில் பார்க்கிற நாய்க்கெல்லாம் பிஸ்கட் போட்டுவிட்டு வரும் தங்கை. சரணமே நினைவில் நிற்காத ஒருத்தியிடம் ஊர்ப்பட்ட சரணங்கள் வந்து குவிந்தன. அண்ணி ஒருமுறை கேட்டால் போதும், நினைவில் ஏறிவிடும். ஆகவே அவர் நீதிமன்றம் முடிந்ததும் சலூனுக்கு வந்து உட்கார்ந்து அழைப்புகளை எடுக்கத் தொடங்கினார்.

தலைவர் வரவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அந்தச் சாலையையே சுற்றிப் போனார். பிறகு ஒருநாள் சாயங்காலம் வந்து, சுழலாத நாற்காலியில் உட்கார்ந்து, பின்னால் மட்டும் குறைக்கச் சொன்னார். பல்லவி கழுத்தருகே சவரக்கத்தியை வைத்தபோது அவளுக்கும் பயம், அவருக்கும் பயம். மன்னிப்புக் கேட்கலாம் என்று அவள் வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"என் தம்பி அன்னைக்கு என் சட்டையைத்தான் போட்டுக்கிட்டுப் போனான். நீலக் கோடு போட்டது. கேக்காம எடுத்துட்டுப் போயிட்டான். நான் ஃபோன்ல கத்தினேன்."

பல்லவி கத்தியை எடுத்துவிட்டாள். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் மெல்லிய குரலில் பாடினார். கவிதை எழுதுகிற மனிதருக்கு இந்த முறை அருஞ்சொல் எதுவும் தேவைப்படவில்லை:

கேக்காமலே எடுத்த சட்டை
கேட்டா நானே கொடுத்திருப்பேன்;
பட்டன் அறுந்தாப் பரவாயில்ல,
போட்டுக்கிட்டே வந்து சேரு!

மூலையில் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்த அண்ணி, "நல்லா இருக்கு சார். அந்த வெண்புறாவை விட ரொம்ப நல்லா இருக்கு" என்றார். தலைவர் முதலில் திடுக்கிட்டார். அப்புறம் சிரித்தார். எழுந்து போகும்போது, இனி எந்த ஊருக்குப் போவதானாலும் கடையின் டெலிவரி வேனை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் பயணம் தொடங்கியது. கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போனார்கள். பேருந்துக்காரர் விடுமுறை நாளில் வேன் ஓட்டினார். பள்ளிக்கூட அரங்கம், சந்தைக் கொட்டகை, மருத்துவமனை வராந்தா, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. பல்லவி பாடுவாள், அண்ணி மேடைக்குக் கீழே உட்கார்ந்து சரணத்தின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஆளுக்கான சரணத்தைப் பாடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு வரும். சிரித்து ஓய்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் கையை யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு மலையடிவார ஊரின் நூலகக் கூடத்தில் எல்லோரும் பாடி முடித்துவிட்டார்கள். வாத்தியார் வயர்களைச் சுற்ற ஆரம்பித்தார். கதவோரம் ஓர் அம்மாள், வந்ததிலிருந்து உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அக்கம்பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. பல்லவி போய்க் கூப்பிட்டாள். யாரோ அவள் காதருகே, அந்த ரயிலை ஓட்டியவருடைய வீட்டம்மா என்று சொன்னார்கள். தூண் அரித்ததுதான் காரணம் என்று விசாரணையில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் சில பேருக்கு யாரையாவது குற்றவாளியாகக் கைகாட்ட வேண்டியிருந்தது. அந்த அம்மாள் கடை கண்ணிக்குப் போவதையே விட்டுவிட்டார்.

அண்ணி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "உங்க வீட்டுக்காரருக்கு ஒரு சரணம் சொல்லுங்க" என்றார்.

"என்னத்தைச் சொல்றது?" என்றார் அந்த அம்மாள். "அவரு ஒருநாள்கூட லேட்டா வந்ததில்லைங்க. சாக்கே சொன்னதில்லை."

கூடம் முழுக்க அதைக் கேட்டது. அண்ணி கண்ணை மூடி, ஏதோ தட்டச்சுச் செய்வதுபோல விரல்களை அசைத்தார். பிறகு, தன் வாழ்நாளில் முதல்முறையாக, திட்டாமல் ஒரு சரணம் கட்டினார்:

உன்னப் பாத்துத்தான் கடிகாரம் வெச்சோம்,
ஒருநாள் லேட்டா வந்தா என்ன?
ஊரையெல்லாம் கொண்டுபோய் விட்டே,
உன்னை யாரு கூட்டி வருவா?

பல்லவி அதை அப்படியே எடுத்துப் பாடினாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. முதலில் கூடம் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு பாட்டியம்மாள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அந்த அம்மாளின் அருகே போட்டு, தானும் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்து இன்னொருவர். பாட்டு பல்லவிக்குத் திரும்பியபோது அந்த மூலையைச் சுற்றி இடமே இல்லை. அந்த அம்மாள் அழுதுகொண்டே கேட்டார். ஒரு கட்டத்தில் நிமிர்ந்து, "ஒருநாள்னு போடாதீங்க, ரெண்டு நாள்னு போடுங்க. அவருக்கு லீவு நிறையப் பாக்கி இருந்துச்சு" என்றார். கூடம் வெடித்துச் சிரித்தது. அவரும்தான்.

அன்றைக்கு அவர் யாரையும் ஊர் திரும்ப விடவில்லை. நால்வரையும் பேருந்துக்காரரையும் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். டயர் கடைக்காரர் மூன்றாவது முறை தட்டை நீட்டியபோது அந்த அம்மாளின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து, நான்காவது முறையும் நீட்டும்படி அண்ணி அவரைக் காலால் உதைத்தார்.

காலையில் பல்லவி எழுந்தபோது அந்த அம்மாள் சமையலறை ஜன்னலோரம் தலையை வாரிக்கொண்டிருந்தார். முடி கண்டபடி வளர்ந்திருந்தது. முடிவெட்டக் கடைக்குப் போகப் பிடிக்கவில்லை என்றார். பல்லவி வேனுக்குப் போய்த் தன் கத்திரிப் பையை எடுத்து வந்தாள். ஒரு நாற்காலியை வெளிச்சத்தில் போட்டு, மேசை விரிப்பை உதறி அவர் கழுத்தில் சுற்றினாள். அண்ணி காப்பி கலந்துகொண்டே எந்த ஸ்டைல் நல்லது என்று யோசனை சொன்னார். வாசலில் பேருந்துக்காரர் ஹாரன் அடித்தார்.

"கொஞ்சம் இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பல்லவி தண்ணீர் தெளித்தாள்.

"முன்னாடி எவ்வளவு குறைக்கட்டும்மா?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படி வெட்டு" என்றார் அந்த அம்மாள். "சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போகணும். வீட்டுக் கடிகாரம் நின்னே கிடக்கு, அதுக்கு பேட்டரி வாங்கணும்."